விலையில்லாக் கச்சேரியின் விலை

நம் வட்டத்து நண்பர் ஒருவர் மேற்கத்திய செவ்வியல் இசையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருபவர். அமெரிக்க நகரங்களில் கோடைதோறும் நடக்கும் திறந்தவெளி இலவச சிம்ஃபனிக் கச்சேரிகளைப் பற்றி அண்மையில் பேச்சு வந்தபோது, "கோயில் யானையைக் கடைத்தெருவில் நிறுத்திக் காசு வாங்குகிற மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். உவமை அவ்வளவு பொருத்தமாகத் தோன்றியது. பிறகு யோசித்தபோதுதான் அதிலுள்ள ஓட்டை தெரிந்தது. கடைத்தெரு யானை காசு வாங்குகிறது. பூங்காவில் வாசிக்கும் இசைக்குழு எவரிடமும் காசு வாங்குவதில்லை. அப்படியானால் மேடையில் உட்கார்ந்திருக்கும் அந்த எண்பது பேருக்கு யார் படியளக்கிறார்கள்? நண்பர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அத்தகைய கச்சேரிகளை வாயாரப் புகழ்கிறவர்களும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இரு தரப்பாரும் இவ்வளவு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பது நம் எண்ணம்.

இரண்டு கட்சிகள் என்று இவர்களைப் பிரித்துக்கொள்ளலாம். முதல் கட்சி ரசிகர்களுடையது. பூங்காவில் சிம்ஃபனி நீர்த்துப்போகிறது, கூட்டத்துக்காகத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டாவது கட்சி நிர்வாகிகள், நன்கொடை அறக்கட்டளைகள், நகர்மன்றப் பெரியவர்கள் ஆகியோருடையது. அவர்களுக்குப் பூங்காக் கச்சேரி என்பது இசைக்குழு ஊருக்குச் செய்யும் சேவை. ஆண்டறிக்கையின் அட்டைப்படத்துக்கு உகந்த புகைப்படம். முதல் கட்சி அதை இழுக்கு என்கிறது, இரண்டாவது கட்சி அதை தர்மம் என்கிறது. நாம் இரண்டையும் மறுக்கிறோம். பூங்காக் கச்சேரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் ஊதியத்தின் வரலாறு. அதை மறந்துவிட்டுப் பேசும்போது, கச்சேரி நடக்கும். இசைக்குழு இல்லாமல் போகும்.

*

முதலில் ரசிகர் கட்சியின் வாதத்தை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். அதில் உண்மை இல்லாமலில்லை.

ஜூலை மாதத்து மாலை. புல்தரையில் மடக்கு நாற்காலிகள், விரிப்புகள், தின்பண்டப் பெட்டிகள். மேடையில் சிப்பி போன்ற கூரையின் கீழ் இசைக்குழு. காற்றில் இசைத்தாள் பறக்காமலிருக்க, துணி உலர்த்தும்போது மாட்டும் கிளிப்புகளைக் கொண்டு அதை நிறுத்தியிருப்பார்கள். ஈரக்காற்றும் வெயிலும் பழைய மரவாத்தியங்களுக்கு எதிரிகள் என்பதால் பலர் தங்கள் நல்ல வயலினை வீட்டிலேயே வைத்துவிட்டு இரண்டாவது வாத்தியத்தோடு வந்திருப்பார்கள். வெப்பத்தில் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும், அதே வெப்பத்தில் ஊதுவாத்தியங்களின் சுருதி ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பொதுச் சுருதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாசிக்க வேண்டும். மென்மையான பகுதி வரும் கணத்தில் தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் போகும். நிகழ்ச்சி நிரலும் ஊருக்கு ஊர் ஏறத்தாழ ஒன்றே. ஒரு முன்னிசை, ஒரு சிம்ஃபனியின் ஒரே ஒரு பகுதி, ஜான் வில்லியம்ஸின் திரைப்பட இசை, சூசாவின் அணிவகுப்பு இசை, முடிவில் சைகோவ்ஸ்கியின் 1812 முன்னிசையும் பீரங்கியும் வாணவேடிக்கையும்.

நெப்போலியனை ரஷ்யா விரட்டியடித்ததைக் கொண்டாட 1880-இல் ஒரு ரஷ்யர் எழுதிய இசை, அமெரிக்க சுதந்திர தினத்தின் கீதம்போல் ஆனது ஒரு வேடிக்கை. பாஸ்டன் நகரின் ஆற்றங்கரைக் கச்சேரியில் பீரங்கியோடும் மணியோசையோடும் 1974-இல் அதைத் தொடங்கினார்கள். 1976-இல் அங்கே நான்கு லட்சம் பேர் கூடினார்கள் என்பது பதிவு. அதன்பின் ஊருக்கு ஊர் அதே பீரங்கி. இவற்றையெல்லாம் நண்பர் எள்ளுவாரானால் நாமும் கூடவே எள்ளத் தயார்.

ஆனால் அவருடைய வாதம் அங்கே நிற்பதில்லை. செவ்வியல் இசைக்கு நான்கு சுவரும் இருட்டும் மௌனமும் பிறப்பிலேயே உரியவை, வெளியே கொண்டுவந்தால் அது செத்துவிடும் என்கிறார். இது வரலாறு தெரியாத பேச்சு. ஹாண்டலின் நீர் இசை 1717-இல் தேம்ஸ் நதியில் படகில் வாசிக்கப்பட்டது. அவருடைய வாணவேடிக்கை இசை 1749-இல் லண்டனின் பசும் பூங்காவில் அரங்கேறியது. அதற்குச் சில நாட்கள் முன்பு வாக்ஸ்ஹால் தோட்டத்தில் நடந்த ஒத்திகையைக் கேட்கவே பன்னிரண்டாயிரம் பேர் திரண்டு லண்டன் பாலத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நின்றதாக அக்காலச் செய்திகள் சொல்கின்றன. மொசார்ட்டின் பாரிஸ் சிம்ஃபனி 1778-இல் அரங்கேறியபோது, முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இடம் பிடித்துப்போய் மக்கள் கைதட்டினார்கள். அதனால் அவர் மனம் நோகவில்லை. அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் அதைக் கடைசியில் மீண்டும் கொண்டுவந்ததாகவும், கச்சேரி முடிந்ததும் பலே ரொயால் தோட்டத்துக்குப் போய் ஐஸ் சாப்பிட்டதாகவும் தந்தைக்குக் கடிதம் எழுதினார். பூங்காவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு சிம்ஃபனி கேட்பவர்களை நண்பர் கேலி செய்யும்போதெல்லாம் நமக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வருகிறது. மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வலுத்தது. நல்ல வழக்கம்தான். ஆனால் அது ஒரு வழக்கம், இசையின் பிறவிக் குணமல்ல.

திறந்தவெளியில் கனமான இசையை வாசிக்க முடியாது என்பதும் உண்மையல்ல. சிகாகோவின் கிராண்ட் பார்க் இசை விழா தனக்கென ஓர் இசைக்குழுவும் ஒரு பாடகர் குழுவும் கொண்டது. மாலரின் பெரிய சிம்ஃபனிகள் அங்கே இலவசமாக ஒலித்திருக்கின்றன. அமெரிக்க இசையமைப்பாளர்களின் அதிகம் கேட்கப்படாத படைப்புகளை அந்தக் குழு ஒலிப்பதிவாகவும் வெளியிட்டிருக்கிறது. 2004-இல் ஃபிராங்க் கெரி வடிவமைத்த மேடைக்கு அது குடிபெயர்ந்தது. அங்கே ஏறத்தாழ நாலாயிரம் இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் ஏழாயிரம் பேர் அமரக்கூடிய புல்வெளி. புல்வெளிக்கு மேலே எஃகுக் குழாய்களால் ஒரு பந்தல் போட்டு அதில் ஒலிபெருக்கிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடையின் ஒலி காற்றில் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வரிசை ஒலிபெருக்கியும் அதற்கேற்பத் தாமதித்து ஒலிக்கும். கடைசி வரிசைக்காரருக்கும் ஓசை மேடையிலிருந்து வருவதாகவே காது சொல்லும். அரங்கத்துக்கு ஈடு என்று நாம் சொல்லவில்லை. மக்களுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நகரம் முடிவெடுத்தால் வழி பிறக்கிறது என்கிறோம். பீரங்கியைக் கொடுத்தது நிர்வாகம். பழியை ஏன் புல்தரை மீது போடுகிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவர் என்பது ஒலியை மட்டும் தடுப்பதல்ல. வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாட அனுமதி மறுக்கப்பட்டபோது, 1939 ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். எழுபத்தைந்தாயிரம் பேர் கேட்டார்கள். கட்டணமில்லை, இருக்கை எண் இல்லை. அதற்காகப் பூங்காவுக்குக் கதவே இல்லையென்று மயங்கவும் கூடாது. தென் மாநிலங்களில் பூங்காக்களே இனவாரியாகப் பிரிந்திருந்தன. மெம்ஃபிஸ் நகரப் பூங்காக்களை இனி தாமதமின்றித் திறந்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1963 ஆயிற்று. புல்தரையும் போராடிப் பெற்ற இடம்தான்.

*

இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். யார் படியளந்தார்கள்?

சிகாகோவில் இந்தக் கச்சேரிகள் தொடங்கியது 1935-இல், பெருமந்தத்தின் நடுவில். 1927-க்குப் பிறகு பேசும் படம் வந்து, மௌனப் படங்களுக்குத் திரையடியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்களைத் தெருவில் நிறுத்தியிருந்தது. மிஞ்சியிருந்த வேலையை மந்தம் தின்றது. சிகாகோ இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, பூங்கா வாரியத்தோடு சேர்ந்து கோடைக் கச்சேரிகளைத் தொடங்கினார். நோக்கம் இரண்டு. வேலையில்லாத கலைஞனுக்குக் கூலி, காசில்லாத நகரவாசிக்கு இசை. முதல் நோக்கத்திலிருந்துதான் இரண்டாவது பிறந்தது. கொடைவள்ளல் எவருடைய கனவிலும் அது உதிக்கவில்லை.

பெட்ரில்லோ இனிமையான மனிதரல்லர். முரட்டுத்தனமும் அதிகார மோகமும் நிறைந்த தொழிற்சங்கத் தலைவர் என்றே பத்திரிகைகள் அவரைச் சித்திரித்தன. அதில் பொய் அதிகமில்லை. ஆனால் ஒன்றை அவர் மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டார். ஒரு கலைஞன் ஒரு நாள் கூலிக்கு ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் இசைத்தட்டு, அவனும் அவனுடைய நூறு சகாக்களும் ஆண்டு முழுவதும் வாசித்திருக்கக்கூடிய இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் தலைவரான பின், 1942 ஆகஸ்ட் 1 முதல் எந்த உறுப்பினரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று தடை போட்டார். போர்க்காலம். அதிபர் ரூஸ்வெல்ட்டே கேட்டுக்கொண்டும் அவர் இறங்கிவரவில்லை. டெக்கா 1943-இலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை பொது நிதியொன்றுக்குப் போகும். அந்த நிதியிலிருந்து கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்துப் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் மக்களுக்கு இலவசமாக வாசிக்கச் செய்வது என்று ஏற்பாடாயிற்று. தொழிற்சங்கம் இப்படியொரு நிதியை நிர்வகிக்கக் கூடாதென்று 1947-இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. 1948 முழுவதும் இன்னொரு தடைப் போராட்டம். அதன் முடிவில், சங்கத்தின் கையில் இல்லாத தனி அறங்காவலரின் கீழ் அந்த நிதி மறுபிறப்பு எடுத்தது.

அமெரிக்கச் சிற்றூர்களின் பூங்கா மேடைகளில் அடுத்த பல பத்தாண்டுகள் ஒலித்த இசையில் கணிசமான பங்கு இந்த நிதியின் கொடை. இல்லை, கொடை என்று எழுதுவதே பிழை. இசைத்தட்டுக்கு வாசித்த கலைஞனின் உழைப்பிலிருந்து பிரிந்து வந்த பங்கு அது. அந்தக் கலைஞர்களில் பலர் இதனால் கொதித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தங்கள் உழைப்பின் பலன் யாரோ ஒருவருடைய பூங்காவுக்குப் போகிறது என்று லாஸ் ஏஞ்சலிஸ் கலைஞர்கள் 1958-இல் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச்சங்கம் கண்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயமுண்டு. புல்தரையில் இலவசமாகக் கேட்ட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதே அந்தக் கோபம் நமக்குச் சொல்லும் செய்தி. இயந்திரமே இசையமைத்து இயந்திரமே வாசிக்கும் காலம் வந்துவிட்டதென்று இன்று பேசுகிறவர்கள், 1942-இல் ஒரு முரட்டு மனிதர் எழுப்பிய கேள்வியை எடுத்துப் பார்ப்பது நல்லது. இயந்திரம் ஈட்டும் பணத்தில் மனிதனுக்குரிய பங்கு எது? அப்போது கிடைத்த பதில்களில் ஒன்று, பூங்காவில் ஒரு கச்சேரி.

நியூயார்க் கதையும் வேறல்ல. அந்நகரின் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் ஆண்டின் 52 வாரங்களுக்கும் ஊதியம் தரும் ஒப்பந்தத்தை 1964-இல் பெற்றார்கள். முன்பெல்லாம் பருவம் முடிந்தால் கோடையில் அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு, 1965 ஆகஸ்டில், சென்ட்ரல் பார்க்கில் அந்தக் குழுவின் இலவசக் கச்சேரிகள் தொடங்கின. கோடையிலும் சம்பளம் உண்டு என்றால்தான் கோடையிலும் இசை உண்டு. இந்த எளிய கணக்கு நிர்வாகிகளுக்கு மட்டும் புரிவதில்லை.

*

இப்போது இரண்டாவது கட்சி. இவர்களிடம் நமக்கு மரியாதை குறைவு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

"சமூகப் பங்கு" என்ற தொடர் இவர்கள் நாவில் கற்கண்டுபோல் புரள்கிறது. அது எப்போது வெளியே வருகிறது என்று கவனியுங்கள். டெட்ராய்ட் சிம்ஃபனி கலைஞர்கள் 2010 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டும் என்றது நிர்வாகம். அதே மூச்சில், கற்பித்தல், சிறு குழுக்களாகப் பல இடங்களுக்குச் சென்று வாசித்தல் போன்ற சமூகப் பணிகளையும் வேலையின் பகுதியாக ஆக்க வேண்டும் என்றது. மேடையேறிய ஒவ்வொரு சிம்ஃபனிக் கலைஞரும் ஊரில் ஏற்கனவே பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்தான் என்பது தெரியாதவர்கள் போல. ஆறு மாதம் அந்நகரில் சிம்ஃபனி இல்லை. முடிவில் கலைஞர்கள் பெரிய வெட்டை ஏற்றுத் திரும்பினார்கள். அதன் பிறகு இணையத்தில் இலவச நேரடி ஒளிபரப்பு தொடங்கியது, புறநகர்க் கச்சேரிகள் பெருகின, நல்ல காரியங்கள்தாம். ஆனால் இந்த நல்ல காரியங்களுக்கான நிதி எங்கிருந்து வந்தது என்று ஆண்டறிக்கையில் எழுதும்போது, கலைஞர்களின் சம்பளக் குறைப்பையும் நன்கொடையாளர் பட்டியலில் முதல் வரியாகச் சேர்ப்பதுதானே நியாயம்?

மினசோட்டாவில் 2012 அக்டோபர் முதல் 2014 ஜனவரி வரை கலைஞர்களுக்குக் கதவடைப்பு. அதே காலத்தில் ஏறத்தாழ ஐந்து கோடி டாலர் செலவில் அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. கூடத்துக்குப் பணமிருந்தது, வாசிப்பவருக்கு இல்லை. பால்டிமோரில் 2019 கோடையில், பருவத்தை 52 வாரத்திலிருந்து 40 வாரமாகக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் கோடைக் கச்சேரிகளையே ரத்து செய்து கலைஞர்களை வெளியே நிறுத்தியது. வெட்டுக்கத்தி முதலில் விழும் இடம் கோடைதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சான் அன்டோனியோவில் முழுநேரக் கலைஞர்களை 72-இலிருந்து 42 ஆகக் குறைக்கும் நிபந்தனையை 2021-இல் திணித்தார்கள். கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 ஜூனில், 1939-இல் பிறந்த அந்த நிறுவனமே கலைக்கப்பட்டது.

நிர்வாகிகள் எல்லோரும் கொடியவர்கள் என்பது நம் வாதமல்ல. அவர்களுடைய நெருக்கடி மெய்யானது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் அதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி நூறாண்டுகளுக்கு முன் செய்ததைப் போலப் பல மடங்கு இன்று செய்கிறார். அவர் ஊதியம் ஏறினாலும் பொருளின் விலை கட்டுக்குள் நிற்கிறது. பீத்தோவனின் நால்வர் இசையை வாசிக்க அன்றும் நால்வர், இன்றும் நால்வர். அன்று ஆன அதே நேரம். ஆனால் அந்த நால்வரும் இன்றைய விலைவாசியில் சாப்பிட வேண்டும். ஆகவே வருவாய்க்கும் செலவுக்கும் இடையே உள்ள பள்ளம் ஆண்டுக்காண்டு அகலும். டிக்கெட் விற்று பாதிச் செலவைக்கூடப் பெரும்பாலான குழுக்களால் ஈடுகட்ட முடிவதில்லை. இது கலையின் இயல்பு, எவருடைய குற்றமுமல்ல. இந்தப் பள்ளத்தைக் கலைஞனின் உடலைப் போட்டு நிரப்பிவிட்டு, அதன் மேல் புல் நட்டு, அந்தப் புல்லில் மக்களை உட்காரவைத்து, சமூகப் பங்கு என்று பெயர் வைப்பதுதான் குற்றம்.

*

ஒரு சிற்றூரைப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தின் நடுவே சிரக்யூஸ். ஒரு காலத்தில் உப்பு காய்ச்சி வளர்ந்த ஊர், பிறகு தொழிற்சாலைகளால் செழித்த ஊர், பிறகு அவை ஒவ்வொன்றாக வெளியேறக் கண்ட ஊர். குளிர்சாதனக் கருவிகளுக்குப் பேர்போன கேரியர் நிறுவனம் அங்கே தன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2003-இல் அறிவித்தது. அப்படிப்பட்ட ஊருக்கு 1961 முதல் ஒரு சிம்ஃபனி இருந்தது. 2011 வசந்தத்தில், அதன் ஐம்பதாவது பருவத்தின் நடுவிலேயே, கச்சேரிகளை நிறுத்திவிட்டுத் திவால் மனு கொடுத்தது.

ஓர் ஊரில் சிம்ஃபனி மூடப்பட்டால் என்ன போகும்? கச்சேரி போகும் என்பது பாதி விடை. இரண்டாம் வரிசையில் ஓபோ வாசிக்கும் பெண்மணிதான் அந்த வட்டாரத்தில் ஓபோ சொல்லிக் கொடுக்கும் ஒரே ஆசிரியராக இருப்பார். கொம்பு வாசிப்பவர் பள்ளி வாத்தியக் குழுவைப் பழக்குபவராக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் கல்லூரியிலும் வாசிப்பவர்கள் இவர்களே. வேலை போனால் இவர்கள் வேறு ஊருக்குப் போவார்கள். இவர்களோடு அந்த வாத்தியமே ஊரைவிட்டுப் போய்விடும். பத்தாண்டு கழித்து ஒரு குழந்தை அந்த ஓசையைக் கேட்டு ஆசைப்பட்டால் கற்றுக்கொடுக்க ஆளிருக்காது. ஆசைப்படவும் வாய்ப்பிருக்காது, ஏனென்றால் கேட்டிருக்கவே மாட்டாள். கோடைக் கச்சேரி என்பது இந்த வலைப்பின்னல் முழுவதும் வெளியே தெரியும் ஒரே ஒரு மாலை. மரத்தின் பூ அது. வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் ஜூலைக்கு ஜூலை வைத்துக்கொள்ளலாம் என்பது தோட்டக்காரன் பேச்சாகாது.

சிரக்யூஸில் எஞ்சியிருந்த கலைஞர்கள் 2012 முடிவில் தாங்களே கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். சிம்ஃபோரியா என்று அதற்குப் பெயர். இப்போது சிரக்யூஸ் ஆர்க்கெஸ்ட்ரா. நிர்வாகத்திலும் கலைஞர்களுக்கே இடம். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அரங்கக் கச்சேரிக்கும் கட்டணமில்லை. கோடையில் பூங்காக்களிலும் வாசிக்கிறார்கள். இதற்கு முன்னோடி நியூ ஆர்லியன்ஸ். அங்கே பழைய சிம்ஃபனி வீழ்ந்தபின் 1991-இல் கலைஞர்களே உரிமையாளர்களாக லூசியானா ஃபில்ஹார்மோனிக்கைத் தொடங்கினார்கள். 2005 புயல் வெள்ளத்தில் அவர்களுடைய அரங்கம் மூழ்கியது. அது மீண்டும் திறக்கப் பத்தாண்டு ஆயிற்று. அந்தப் பத்தாண்டும் கிடைத்த இடங்களில் வாசித்தார்கள். இலவசமாகப் பூங்காவில் வாசிப்பது தரக்குறைவு என்று அவர்களிடம் எவரும் சொல்லிப் பார்க்கலாம்.

இந்தக் கூட்டுறவுகளைக் கண்டு நாம் பரவசப்பட்டுவிடவும் கூடாது. இக்கலைஞர்கள் முன்பு பெற்றதைவிடக் குறைவாகவே பெறுகிறார்கள். தியாகம் அழகானது என்று எழுதுவது நம்மைப் போன்றவர்களுக்கு எளிது. நாம் கேட்பது அவர்களின் தியாகத்தை அல்ல. ஊரின் கடமையை.

*

தமிழில் "இலவசம்" என்ற சொல்லுக்கு ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டது நமக்குத் தெரியும். 2011-க்குப் பின் தமிழக அரசு அதை விலக்கி "விலையில்லா" என்ற அடைமொழியைப் புழக்கத்தில் விட்டது. அதை அப்போது பலரும் கிண்டல் செய்தார்கள். அச்சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. வாங்குபவர் விலை கொடுக்கவில்லை என்றுதான் அது சொல்கிறது. பொருளுக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. எவரோ மனமிரங்கிக் கொடுத்தார் என்றும் சொல்லவில்லை.

அமெரிக்க சிம்ஃபனிகள் புரவலர்களால் வாழ்கின்றன என்பார்கள். அதுவும் முழு உண்மையல்ல. மேல்மட்ட வருமான வரி செலுத்தும் ஒருவர் நூறு டாலர் நன்கொடை அளித்து வரிக்கழிவு பெறும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகையை அரசு இழக்கிறது. அதாவது சிம்ஃபனியின் கதவைத் தாண்டாத பேருந்து ஓட்டுநரும் துப்புரவுத் தொழிலாளியும் ஏற்கனவே பங்கு கொடுத்துவிட்டார்கள். அரங்கின் சுவரில் பொறிக்கப்படுவது புரவலரின் பெயர் மட்டும். கோடையில் ஒரு நாள் அவர்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கு இசைக்குழு வருவது, கடன் வாங்கியவர் வட்டி கொடுக்க வருவதைப் போன்றது. அதற்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா?

வழி இல்லாமலில்லை. டென்வர் வட்டாரத்து ஆறு கவுண்டி மக்கள் 1988-இல் தாங்களே வாக்களித்து, பத்து டாலருக்கு ஒரு செண்ட் என்ற அளவில் விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, நாடகம், இசை எல்லாவற்றுக்கும் அதிலிருந்து பங்கு போகிறது; திவாலான டென்வர் சிம்ஃபனியின் இடத்தில் கலைஞர்கள் எழுப்பிய கொலராடோ சிம்ஃபனிக்கும்தான். நமக்கு இது புதிதுமல்ல. பெட்ரில்லோவின் நிதி மறுபிறப்பெடுத்த அதே 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. நம்மில் பலர் படிக்கக் கற்றது அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகங்களில். கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்தவனைப் பார்த்து எவரும் பிச்சை வாங்கி வந்தான் என்று சொன்னதில்லை. நூலகத்துக்கு உள்ள நியாயம் இசைக்கு ஏன் கூடாது?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பூங்காக் கச்சேரிக்கு வாசிக்கும் கலைஞருக்கு அரங்கத்தில் வாசிப்பதற்குரிய அதே ஊதியம். சேவை என்ற பேச்சே வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் குறைந்தது ஒரு முழுப் படைப்பு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. மக்களால் நாற்பது நிமிடம் கேட்க முடியாது என்று அவர்கள் சார்பில் தீர்ப்பெழுதும் உரிமை எந்த நிர்வாகிக்கும் இல்லை. மூன்றாவது, நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்தில், தெருவிளக்குக்கும் நூலகத்துக்கும் அடுத்து, இசைக்கும் ஒரு வரி. புரவலர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஊரின் இசை அவர்களுடைய மனநிலையைப் பொறுத்திருக்க வேண்டாம்.

நண்பருக்கு ஒரு சொல். அடுத்த கோடையில் அப்படியொரு கச்சேரிக்கு வாருங்கள். பீரங்கி வெடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளலாம், நாமும் பொத்திக்கொள்வோம். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது மட்டும் எழுந்துவிடாதீர்கள். மேடையில் விளக்கை அணைக்குமுன், செல்லோக்காரர் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைப்பார், தாளிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அவரிடம் போய், அடுத்த ஆண்டும் இங்கே வாசிப்பீர்களா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு யானையைப் பற்றி மறுபடி பேசலாம்.